நேரசூசியில் ஓர் இடம்: எமது மகளிர் பாடசாலைகளில் என்ன கற்பிக்கப்பட்டது?

பாடசாலை ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கட்டடங்களிலிருந்தே தொடங்குவர். அடிக்கல் நாட்டிய நாள், மண்டபத்தைத் திறந்து வைத்தவர், கிணறு வெட்டிய ஆண்டு, அதிபர்களின் வரிசை எல்லாம் பழைய மலர்களில் ஒழுங்காக உள்ளன. ஆனால் அந்தக் கட்டடங்களுக்குள் என்ன கற்பிக்கப்பட்டது, அதை யார் தீர்மானித்தார்கள், எதை வேண்டாமென்று விட்டார்கள் என்ற செய்தி ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை கேட்கப்பட்டபோது அந்த ஓரிரு வரிகளையே சற்று விரித்து எழுதலாம் என எண்ணினோம். வைத்தியத் தொழிலுக்கு வந்த எமக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. எமது பேத்திமார் காலத்தில் எத்தனையோ கெட்டிக்காரப் பெண்கள் வைத்தியராகாமற் போனதற்கு வீட்டாரின் தடை மட்டும் காரணமன்று. அவர்கள் படித்த பாடசாலையின் நேரசூசியில் இரசாயனவியல் இருக்கவில்லை.

அமெரிக்காவில் வாழும் எமது சகோதரிகள் 'சாட்டர்' பாடசாலைகளை அறிவார்கள். அரசின் பணத்தில், அரசு சாராத ஒரு குழு நடத்தும் பாடசாலை அது. மினசோட்டா மாநிலம் 1991 இல் இதற்கான முதலாவது சட்டத்தை இயற்றியது. மறு ஆண்டே சென் போல் நகரில் முதற் பாடசாலை திறக்கப்பட்டது. இப்படியொரு பாடசாலையைத் தொடங்க விரும்புவோர் விண்ணப்பத்திலேயே தமது கல்வித் திட்டத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தப் பிள்ளைகளுக்கு, என்ன பாடங்களை, எந்த முறையில், ஆண்டுக்கு எத்தனை நாள் கற்பிப்போம். மெல்லக் கற்கும் பிள்ளையையும் வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளையையும் எப்படிக் கவனிப்போம். கற்றார்களா என்பதை எதனைக் கொண்டு அளப்போம் என்று பல பக்கங்கள். சில ஆண்டுகளுக்கு மட்டுமே அனுமதி. எழுதியபடி நடக்கவில்லையென்றால் அனுமதி புதுப்பிக்கப்படாது. அங்கே இதனைப் புதுமை என்றார்கள். எமக்கு இது மிகப் பழைய கதை. இலங்கையின் உதவி நன்கொடைப் பாடசாலைகள் 1869 இற்குப் பின்னர் ஏறக்குறைய இந்த ஏற்பாட்டிலேயே வளர்ந்தன. பணம் அரசினது, முகாமை மிஷனுடையதோ சபையினதோ. இடையில் நின்றது என்ன கற்பிப்பது என்ற உடன்படிக்கை. நன்மையும் தீமையும் அதிலிருந்தே வந்தன.

முதலில் அரசின் பணம் இல்லாத காலத்தைப் பார்ப்போம். அமெரிக்க மிஷன் 1823 இல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கான செமினரியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, 1824 இல், உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியது. ஆசியாவின் முதலாவது பெண்கள் விடுதிப் பாடசாலை என்று அது பெருமையோடு குறிப்பிடப்படுவதை அறிவோம். இரண்டும் ஒரே மிஷனுடையவை. இரண்டுக்கும் இடையில் சில மைல் தூரமும் ஓராண்டும்தான். ஆனால் இரண்டு திட்டங்களும் வேறு. வட்டுக்கோட்டையில் கணிதமும் வானவியலும் இயற்கைத் தத்துவமும் ஆங்கிலமும் கற்பிக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். உடுவிலில் வாசிப்பு, எழுத்து, எண், வேதாகமம், தையல், வீட்டு ஒழுங்கு ஆகியவற்றுக்கே முதலிடம். செமினரியில் படித்து வெளிவரும் இளைஞர்களுக்குப் படித்த கிறிஸ்தவ மனைவியர் வேண்டும் என்பதே நோக்கம். அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஆரம்ப காலத்தில், படித்து முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்கு மிஷனே சீதனமும் கொடுத்தது! யாழ்ப்பாணத்துத் தந்தைமாரின் மனத்தை மிஷனரிமார் எவ்வளவு விரைவாகப் படித்துக்கொண்டார்கள் என்று எண்ணிச் சிரிக்கலாம்.

சிரித்துவிட்டு இன்னொன்றையும் எண்ண வேண்டும். நோக்கம் ஒடுங்கியதுதான், ஆனால் விளைவு அவ்வளவில் நிற்கவில்லை. முதல் தலைவியான ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1833 இல் இறந்தார். 1840 இல் வந்த எலிசா அக்னியூ அம்மையார் தாய்நாட்டுக்கு ஒருமுறைகூடத் திரும்பாமல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அங்கே கற்பித்தார். தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறையினர் அவரிடம் படித்தனர். மனைவியாவதற்காக வாசிக்கக் கற்றுக்கொண்டவள் தன் மகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தாள். அந்த மகள் ஆசிரியையானாள். பெண் ஆசிரியை என்ற ஒருவர் ஊரில் உருவான பின்னர்தான் ஏனைய மகளிர் பாடசாலைகளின் திட்டங்களுக்கே உயிர் வந்தது. வேம்படியில் மெதடிஸ்த மிஷன் 1838 இலும், சுண்டுக்குளியில் அங்கிலிக்கன் மிஷன் 1896 இலும் தொடங்கிய பாடசாலைகளுக்கும் இது பொருந்தும். என்ன கற்பிக்கலாம் என்பதை யார் கற்பிக்க இருக்கிறார்கள் என்பதே பெரும்பாலும் தீர்மானித்தது.

எந்த மொழியில் கற்பிப்பது என்ற கேள்விக்குச் சில வேளை கடலுக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. 1855 இல் அமெரிக்க மிஷனின் தலைமைப்பீடத்திலிருந்து வந்த குழுவொன்று ஆங்கிலக் கல்வி வேண்டாம், தாய்மொழியே போதும் என்று முடிவு செய்ய, வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. அதே மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழ்மொழியில் மேலைத்தேய வைத்தியம் கற்பித்து, அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். உடற்கூற்றியலும் இரண வைத்தியமும் இரசாயனமும் தமிழ் நூல்களாக வந்தன. 'கெமிஸ்தம்' என்று அவர் காலத்தில் வழங்கிய சொல்லைப் பார்த்து எமது வகுப்பில் சிரித்தது நினைவிருக்கிறது. இன்று அந்தத் துணிவை வியக்கிறோம். ஆனால் அந்த வகுப்புகள் ஆண்களுக்கானவை. பிரசவ அறைக்குள் ஆண் வைத்தியரை விடாத ஊரில், வைத்தியம் படிக்கப் பெண்களை எடுக்கலாம் என்ற எண்ணம் அப்போது எவருடைய திட்டத்திலும் எழுதப்படவில்லை.

1867 இல் மோர்கன் குழு அறிக்கை வெளிவந்தது. 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்தது. தனியார் முகாமையில் நடக்கும் பாடசாலைகள் நிபந்தனைகளுக்கு உட்பட்டால் அரசு நன்கொடை கொடுக்கும். மதபோதனைக்குப் பணம் இல்லை. உலகியற் பாடங்களுக்கே பணம். அதுவும் பெறுபேற்றைப் பார்த்தே. வித்தியாதரிசி ஆண்டுக்கொரு முறை வருவார். பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். வாசிப்பில் சித்தியடைந்த பிள்ளைக்கு இவ்வளவு, எழுத்தில் இவ்வளவு, கணக்கில் இவ்வளவு. பெண்களாயின் தையலும் பார்க்கப்படும். ஆங்கிலப் பாடசாலைக்கு ஒரு வீதம், தாய்மொழிப் பாடசாலைக்கு அதிலும் குறைந்த வீதம்.

இந்த ஏற்பாட்டை முழுதாகக் குறை சொல்லவும் முடியாது. இது இல்லாவிட்டால் கிராமத்துப் பெண்பிள்ளைகள் பலருக்குப் பாடசாலையே கிடைத்திராது. பெண்களின் பாடசாலையையும் அரசு பார்வையிட்டது. அவர்களும் பரீட்சைக்கு நின்றார்கள். ஒரு பெண்ணின் கூட்டல் கழித்தலுக்கும் விலை உண்டு என்று ஊர் அறிந்தது. ஆனால் வைத்தியசாலை நிர்வாகத்தைக் கண்டவர்களுக்கு இதன் மறுபக்கம் நன்கு விளங்கும். எது எண்ணப்படுகிறதோ அதுவே செய்யப்படும். நோயாளர் எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கை கூடும். நோயாளி சுகமானாரா என்று எவரும் கேட்காவிட்டால் அது பதிவேட்டில் வராது. அன்றைய ஆசிரியைமாரும் ஆண்டு முழுவதும் வித்தியாதரிசியின் ஒரு நாளுக்காகவே பிள்ளைகளைப் பயிற்றினார்கள். வாசிப்புப் புத்தகத்தை மனனம் செய்த பிள்ளை அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் 'வாசிக்கும்' என்ற பகடி அந்த முறை வழங்கிய நாடுகளிலெல்லாம் உண்டு. கேள்வி கேட்டல், கதை சொல்லல், மரஞ்செடியைப் பார்த்தல் போன்றவற்றுக்கு வீதம் எதுவும் இல்லை. ஆகவே நேரமும் இல்லை.

இருந்தும் சில பாடசாலைகள் பணம் தராத பாடங்களையும் பிடிவாதமாக வைத்திருந்தன. எமது கட்டுரையின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது அரசைக் கேட்டுப் பாடம் அமைக்கவில்லை. தமக்கு வேண்டிய பாடத்துக்கு வேண்டிய புத்தகங்களைத் தாமே எழுதி, தமது அச்சுக்கூடத்திலேயே அச்சிட்டார். பாலபாடங்களின் பிறப்பு அதுவே. பாடப்புத்தகம் இல்லாத கல்வித் திட்டம் வெறும் ஆசை என்பதை அவர் அறிந்திருந்தார். நாவலரின் வித்தியாசாலை பெண்களுக்கானதன்று. சைவப் பெண்களுக்கான பெரிய விடுதிக் கல்லூரி 1913 இலேதான் வந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் நிறுவிய இராமநாதன் கல்லூரி அது.

இடையில் அறுபத்தைந்து ஆண்டுகள் ஏன் சென்றன? மனத்தடைகள் பல. சட்டத்தடையும் ஒன்று இருந்தது. ஏற்கெனவே உள்ள பாடசாலைக்கு அருகில் அதே வகையான புதிய பாடசாலை தொடங்கினால் நன்கொடை கிடைக்காது. 1892 இல் வந்த கால் மைல் விதி அவ்வகையானது. பணத்தை வீணாக்காமலிருக்கவே விதி என்றார்கள். ஆனால் நல்ல இடங்களில் முந்திக்கொண்டு நின்றவை மிஷன் பாடசாலைகள். பிந்தி வந்த சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். புதிய சாட்டர் பாடசாலையால் அயற்பாடசாலைக்குப் பிள்ளைகள் குறையுமா என்று அமெரிக்காவில் இன்றும் வாதிடுகிறார்களாம். வாதம் நூறாண்டு பழையது.

இராமநாதன் கல்லூரியின் திட்டத்தில் ஆங்கிலம் இருந்தது. தமிழும் சைவமும் இசையும் இருந்தன. ஆங்கிலம் படிப்பதற்காக ஒரு பெண் தன் சமயத்தையும் பண்பாட்டையும் வாசலில் கழற்றி வைக்க வேண்டியதில்லை என்பதே அதன் அடிப்படை. அவுஸ்திரேலியாவில் பிறந்து சைவத்தைத் தழுவிய லீலாவதி இராமநாதன் அம்மையார் அங்கே அதிபராக இருந்தார். அங்கே சங்கீதம் கற்ற பெண்கள் பின்னர் எத்தனையோ பாடசாலைகளில் சங்கீத ஆசிரியைகளானார்கள். இதே இராமநாதன்தான் 1931 இல் வந்த சர்வசன வாக்குரிமையைக் கடுமையாக எதிர்த்தவர். பெண்ணுக்குக் கல்லூரி கட்டியவர் அவள் கையில் வாக்குச்சீட்டைக் கொடுக்க விரும்பவில்லை. நிறுவுநர்களை மாலை போட்டு வணங்குவதோடு நின்றுவிடாமல் இதையும் எமது பிள்ளைகளுக்குச் சொல்லலாம் என்பது எமது அபிப்பிராயம்.

விஞ்ஞானத்துக்கு வருவோம். இலங்கை மருத்துவக் கல்லூரி 1870 இல் தொடங்கப்பட்டது. 1892 இல் பெண்களுக்குக் கதவு திறந்தது. கதவு கொழும்பில் திறந்தது, ஆனால் அதுவரை நடந்து செல்ல வழி வேண்டுமே! கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் 1880 முதல் இலங்கையில் நடந்தன. மகளிர் பாடசாலைகள் அவற்றுக்குப் பெண்களைத் தயார்செய்தபோது ஆங்கிலம், வரலாறு, புவியியல் போன்றவற்றையே பெரிதும் எடுத்தன. விஞ்ஞானம் என்றால் தாவரவியல் அல்லது சுகாதாரம். பூவைக் கத்தரித்துப் பார்க்கத் தனிக்கட்டடம் வேண்டாம். அமிலமும் வாயுவும் தராசும் வேண்டுமென்றால் அறை வேண்டும், பணம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கற்பிக்கப் பட்டதாரி ஒருவர் வேண்டும். பௌதிகவியலில் பட்டம் பெற்ற பெண்ணுக்கு எங்கே போவது? அவள் உருவாகவேண்டிய பாடசாலையில்தான் அந்தப் பாடம் இல்லையே. இந்தச் சுழலிலிருந்து வெளிவரப் பல தசாப்தங்கள் எடுத்தன. உயர் வகுப்பு விஞ்ஞானத்துக்காக ஆண்கள் கல்லூரியின் பின்வாங்கில் போய் அமர்ந்த அக்காமார் எமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்களிடையே இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் கதைகள் தனி மலராக வரவேண்டியவை.

இக்காலத்தில் இன்னொரு வழியால் வைத்தியம் பாடசாலைக்குள் நுழைந்தது. 1896 இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக இலங்கை வந்த கனடிய வைத்தியர் மேரி அம்மையார், தமிழரான இரத்தினம் என்பவரை மணந்ததால் மிஷனிலிருந்து விலக நேர்ந்தது. கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் செய்துகொண்டே, பாடசாலைகளுக்கான சுகாதாரக் கைநூலும், ஆசிரியைகளுக்கான மனையியற் கைநூலும் எழுதினார். மனையியல் என்றால் பலகாரமும் பின்னலும் என்று நினைத்திருந்த காலத்தில் குடிநீர், உணவு, குழந்தை வளர்ப்பு, நோய்த்தடுப்பு ஆகியவற்றை அதற்குள் கொண்டுவந்தார். பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பாடத்தை வைத்தே விஞ்ஞானத்தை உள்ளே அனுப்பிய அந்தச் சாதுரியத்தை நாம் மிகவும் மதிக்கிறோம். குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசியதற்காக அவர் வாங்கிய ஏச்சும் கொஞ்சமன்று.

1945 ஒக்ரோபரில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதன் பெருமையை இம்மலரில் வேறு கட்டுரைகள் பேசும் என நம்புகிறோம். எமக்கு இங்கே வேண்டியது ஒன்றுதான்: மகனுக்கா மகளுக்கா கட்டணம் கட்டுவது என்று தகப்பன் கணக்குப் பார்க்கவேண்டிய தேவை நீங்கியது. பின்னர் 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடைப் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. வேம்படி அரசினதாயிற்று. உடுவிலும் சுண்டுக்குளியும் கட்டணம் அறவிட முடியாத தனியார் பாடசாலைகளாக நின்று பல ஆண்டுகள் பணத்துக்கு அல்லாடின. எங்கும் ஒரே பாடத்திட்டம் வந்தது. உடன்படிக்கை எழுதும் வேலை பாடசாலையின் கையிலிருந்து போய்விட்டது. 1972 இல் விஞ்ஞானமும் தொழில்முன்னிலைப் பாடங்களும் எல்லோருக்கும் கட்டாயமாக்கப்பட்டபோது பெண், ஆண் வேறுபாடு தாளிலாவது நீங்கியது. அந்தத் திட்டம் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டாலும் விஞ்ஞானம் நிலைத்துவிட்டது. 1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்க, கொழும்புக்கோ பேராதனைக்கோ மகளை அனுப்பத் தயங்கிய குடும்பங்களுக்கும் வழி பிறந்தது.

எமது வகுப்பு இந்தக் கதையின் பிற்பகுதியில் வருகிறது. ஜாம் போத்தல் விளக்கில் ஆண்டு ஐந்து படித்து, 1995 இடப்பெயர்வில் புத்தகப் பையோடு தென்மராட்சிக்கு நடந்து, திரும்பி வந்து உயர்தரம் எடுத்தவர்கள் நாம். பற்றரிக்குத் தடை இருந்த ஆண்டுகளில் மின்னோட்டத்தைக் கரும்பலகையில்தான் கண்டோம். பின்னர் உயர்தரத்தில் ஒரு அளவியைச் சுற்றி எட்டுப் பேர் நின்று, ஒருவர் திருகைத் திறக்க ஏழு பேர் நிறமாற்றத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். ஆயினும் அந்த அறை இருந்தது. இரசாயனவியல் கற்பித்த ஆசிரியை இருந்தார். அவரும் பழைய மாணவி. அந்த எட்டுப் பேரில் மூவர் இன்று வைத்தியர்கள். ஒருவர் ஒன்ராறியோவில் மருந்தாளர்.

தாளில் எழுதிய திட்டத்துக்கும் வகுப்பில் நடந்ததற்கும் இடையிலுள்ள தூரத்தையும் சொல்ல வேண்டும். சாதாரண தர விஞ்ஞானத்தில் மனித இனப்பெருக்கம் என்ற அலகு எக்காலமும் இருந்தது. அக்காலத்தில் பல பாடசாலைகளில் அந்தப் பக்கம் வந்தவுடன் 'வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கோ' என்ற வார்த்தையோடு அடுத்த அலகுக்குப் போய்விடுவார்கள். இன்று எமது கிளினிக்குக்கு வரும் பெண்பிள்ளைகள் சிலர் சித்திகளோடு வருகிறார்கள். மாதவிடாய்க் குருதி அளவுக்கு மிஞ்சிப் போவதை வருடக்கணக்காக எவரிடமும் சொல்லாமல், குருதிச்சோகையால் படியேற முடியாமல் வருகிறார்கள். விஞ்ஞானத்தில் 'ஏ' எடுத்த பிள்ளைகள்! மேரி இரத்தினம் அம்மையார் எழுதியதை இன்னும் ஒருமுறை எழுத வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறோம்? உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013 முதல் நாட்டில் இருக்கிறது. அதை எமது பாடசாலையிலும் தொடங்க வேண்டும் என்று தாயகத்திலும் புலத்திலும் உள்ள சகோதரிகள் கேட்கிறார்கள். பணம் தரவும் தயாராக இருக்கிறார்கள். மனமார வரவேற்கிறோம். ஆனால் பணம் வந்தவுடன் பேச்சு கட்டடத்துக்கும் பெயர்க்கல்லுக்கும் போய்விடுவதைப் பல கூட்டங்களில் கண்டிருக்கிறோம். கட்டடத்துக்கு நன்கொடையாளர் கிடைப்பார். தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம் கற்பிக்க ஆசிரியர் யார்? பொறியியற் தொழினுட்பவியலா, உயிர்முறைமைகள் தொழினுட்பவியலா, அல்லது இரண்டுமா? பெண்பிள்ளைகள் என்பதால் இரண்டாவதே போதும் என்று எவராவது சொல்லத் தொடங்கினால், அது பழைய தாவரவியற் கதையின் புதிய பதிப்பு. மாற்றலாகிப் போகும் ஆசிரியருக்குப் பதில் வரும்வரை என்ன ஏற்பாடு? ஏற்கெனவே உயிரியல் பிரிவுக்கு இருக்கும் ஆய்வுகூட நேரத்தில் எவ்வளவு போகும்? சங்கீத ஆசிரியையின் பாடவேளைகளில் எவரும் கை வைக்க மாட்டார்கள் என்று எழுத்தில் தரமுடியுமா?

சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்னர் இவற்றுக்கான பதில்களை நான்கு பக்கத்தில் எழுதி அதிபரிடம் கொடுக்கச் சிறு குழுவொன்று அமைத்திருக்கிறோம். தொழினுட்பம் கற்பிப்பவர்கள், கலிபோர்னியாவிலும் லண்டனிலும் பாடசாலைச் சபைகளில் இருப்பவர்கள், இப்படியான விண்ணப்பங்களை எழுதிப் பழகியவர்கள் எம்மிடையே உள்ளனர். அவர்கள் குழுவுக்கு எழுத வேண்டும். பாடசாலையில் ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளைகள், கிழமைக்கு நாற்பது. புதிய பாடத்துக்கான பாடவேளைகளை எந்த நாளில், எதற்குப் பதிலாக வைப்பது என்று நேரசூசியில் பென்சிலால் குறித்து அனுப்பினால் இன்னும் நல்லது.